தலைவர் எண்ணுக்கு அடித்தால் யார் எடுக்கிறார்? ஒரு முதுகலை ஆய்வேட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022–23 கல்வியாண்டு. தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியின் அரசியல் அறிவியல் துறை. எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் நான்காம் பருவத்தில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். நான் அவருடைய நெறியாளர். அந்த ஆண்டு என்னிடம் ஆய்வேடு எழுதியவர்கள் ஒன்பது பேர். பின்னால் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களையும் ஊர்களையும் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாணவி தமிழ் வழியில் படித்தவர், அவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஆராய்ச்சி முறையியல் தாளை முந்தைய பருவத்திலேயே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். கருதுகோள் என்றால் என்ன, அதில் எத்தனை வகை, கூறெடுப்பு முறைகள் யாவை என்று கேட்டால் பிசகாமல் எழுதிவிடுவார். எங்கள் துறையில் அந்தத் தாளை நடத்துவதும் அப்படித்தான். பருவம் முழுக்க ஒரு மாணவர்கூட யாரிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பதில் எழுதிவர வேண்டியதில்லை.

அவர் எடுத்த தலைப்பு பெண் ஊராட்சித் தலைவர்கள். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தபோது ஊராட்சி அமைப்புகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் கிடைத்தது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. அதன்படி நடந்த முதல் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாட்களில், 27 மாவட்டங்களில் நடந்தது. விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. மாணவியின் சொந்த ஒன்றியம் அந்த 27க்குள் வருவது. தலைவர்கள் பொறுப்பேற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆய்வுக்கு நல்ல நேரம்தான்.

முன்மொழிவில் இருந்தது

டிசம்பரில் கொடுத்த முன்மொழிவு பார்ப்பதற்குக் குறையில்லாமல் இருந்தது. ஆய்வின் தேவை, நோக்கங்கள், கருதுகோள், முறையியல், இயல் பகுப்பு என்று எல்லாம் இருந்தன. கருதுகோள் ஒரே வரி: 'பெண் தலைவர்களின் பெயரில் அவர்களுடைய கணவர்களே ஊராட்சியை நடத்துகிறார்கள்.' ஆய்வுக்கு நான்கு ஊராட்சிகள். நான்கிலும் பெண் தலைவர்கள். 32 கேள்விகள் கொண்ட வினாநிரல். அதில் பாதிக்கு மேல் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள்.

அந்த நான்கு ஊராட்சிகளை ஏன் எடுத்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு தெரிந்தது, ஒன்றிய அலுவலகத்தோடு பழக்கமுள்ள அவருடைய மாமா 'இந்த நாலு ஊர்லயும் வீட்டுக்காரங்கதான் பிரசிடென்ட்டு, போய்ப் பாரு' என்று சொல்லியிருக்கிறார். விடை தெரிந்த ஊர்களை எடுத்துக்கொண்டு விடையைத் தேடப் போயிருக்கிறார். முறையியல் புத்தகங்கள் 'விளைவைப் பார்த்து நிகழ்வுகளைத் தேர்ந்தெடுக்காதே' என்று எச்சரிப்பது இதைத்தான். அந்த வரியை நானே வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

முதல் சுற்றுக் களப்பணி

ஜனவரி மூன்றாம் வாரத்தில் நான்கு தலைவர்களையும் வீட்டில் போய்ப் பார்த்தார். நான்கு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே காட்சி. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி, டீ, தலைவர், பக்கத்தில் கணவர். ஒரு வீட்டில் மட்டும் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஆனால் ஊராட்சியின் ரப்பர் ஸ்டாம்பு அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்ததை மாணவி குறித்து வைத்திருந்தார். அந்தச் சுற்றில் உருப்படியாகக் கிடைத்த தரவு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

'முடிவுகளை நீங்களே சுயமாக எடுக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு நான்கு பேருமே ஆம் என்றார்கள். இரண்டு வீட்டில் கணவரே 'ஆமாம்னு போட்டுக்கம்மா' என்றார்.

ஜனவரி 26 கிராம சபை. நான்கு ஊரிலும் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். ஆனால் எல்லா ஊரிலும் அதே நாள், அதே காலை 11 மணி. ஒரு ஆள் ஒரு கூட்டத்தைத்தான் பார்க்க முடியும். இது எனக்கும் தோன்றவில்லை. ஒன்றுக்குப் போனார். செயலர் வரவு செலவு வாசித்தார், தலைவர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தெருவிளக்கு பற்றிக் கேட்டவர்களுக்குப் பந்தல்கால் ஓரமாக நின்ற கணவர் பதில் சொன்னார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் முதல் களப்பணி இயலின் வரைவு என்னிடம் வந்தது. அதில் ஒரு பத்தி இப்படிப் போனது: தலைவர்கள் தாங்களே முடிவெடுப்பதாகச் சொல்கிறார்கள், கணவருக்குப் பயந்து அப்படிச் சொல்கிறார்கள், எனவே கணவர்களே ஆள்கிறார்கள் என்பது உறுதியாகிறது.

நிறுத்தி யோசித்தது

அந்தப் பத்தியை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தோம். நான் கேட்டது ஒன்றுதான். "அவங்க 'இல்லை, வீட்டுக்காரர்தான் எடுக்கிறார்'னு சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பே?"

"கணவர்தான் ஆள்கிறார்னு எழுதியிருப்பேன் சார்."

"ஆம்னு சொன்னதுக்கும் அதையேதானே எழுதியிருக்கே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே சொன்னார், "அப்போ நான் போகாமலே எழுதியிருக்கலாம்."

பருவம் முழுக்க நடத்திய தாளில் பொய்ப்பிக்கத்தக்க தன்மை என்று ஒரு சொல் உண்டு: ஒரு கூற்று தவறு என்று காட்டத் தரவுக்கு வழி இருக்க வேண்டும் என்பது. தேர்வில் அதற்கு விளக்கம் எழுதியவர்தான் அவர். தன் கையால் எழுதிய பத்தியில் அது இல்லாததைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வந்தது.

அன்றைக்கே ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்ளோ இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வை மறுபடி எடுத்தோம். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலுமாக 265 ஊராட்சி மன்றங்களின் தரவை வைத்து எழுதியது. பெண் தலைவர்கள் உள்ள இடங்களில் பெண்கள் கேட்கும் வேலைகளுக்கு, முக்கியமாகக் குடிநீருக்கு, கூடுதலாகச் செலவாகிறது என்பது அதன் முடிவு. மாணவி தன் இலக்கிய மீளாய்வில், அதாவது முந்தைய ஆய்வுகளைப் பற்றிய பகுதியில், அந்த முடிவை மட்டும் இரண்டு வரியில் போட்டுவிட்டு நகர்ந்திருந்தார். முடிவை விட முக்கியமானது, தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியையும் ஒதுக்கப்படாத ஊராட்சியையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒதுக்கீடு எந்த ஊருக்கு என்பது தற்செயலாக அமைந்ததால் அந்த ஒப்பீடு நின்றது. நம்மிடம் இருப்பது நான்கு ஊர், நான்கும் பெண் தலைவர்கள். ஆண் தலைவர் இருக்கும் ஊரில் தலைவரே எல்லாம் முடிவு செய்கிறார் என்று யார் சொன்னது? அதை யாரும் பார்க்கவே இல்லை.

மாற்றிய முடிவுகளும் காரணங்களும்

இருந்தது பத்து வாரத்துக்கும் குறைவு. தலைப்பையே மாற்றலாமா என்று மாணவி கேட்டார். வேண்டாம் என்றேன். தலைப்பில் கோளாறு இல்லை, கேள்வியில்தான் இருந்தது. 'கணவர் ஆள்கிறாரா' என்பதை எடுத்துவிட்டு, 'ஊராட்சியில் எந்த முடிவு யார் கையில் இருக்கிறது, அது ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது' என்று வைத்தோம். இதற்கு எந்தப் பதிலும் வரலாம்.

மாமா சொன்ன நான்கில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். அதே ஒன்றியத்தில், மக்கள்தொகையில் ஏறக்குறைய ஒத்த, பெண் தலைவர் உள்ள இரண்டு ஊராட்சிகளைச் சேர்த்தோம். ஆண் தலைவர் உள்ள இரண்டையும் சேர்த்தோம், அதில் ஒன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மொத்தம் ஆறு. ஆய்வேட்டில் அவை அ முதல் ஊ வரை.

அடுத்தது அளவுகோல். தீர்மானப் புத்தகத்தில் யார் கையெழுத்து என்று பார்க்கலாம் என்றார் மாணவி. தலைவரின் கையெழுத்து எல்லா ஊரிலும் இருக்கும், சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதை வைத்து எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஊருக்கு ஊர் மாறக்கூடியது எது என்று இரண்டு நாள் யோசித்து, அவரே ஒன்றைக் கொண்டுவந்தார். நான் இத்தனை ஆண்டு பார்த்த மாணவர் யோசனைகளில் இதுதான் சிறந்தது: 'குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாருக்குப் போன் செய்வீர்கள்? அந்த எண்ணைக் காட்ட முடியுமா?'

இரண்டாம் சுற்று

ஒவ்வொரு ஊரிலும் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவிலும் கடைசித் தெருவிலுமாகச் சில வீடுகள். முன்கூட்டிச் சொல்லாமல், காலையிலும் மாலையிலும். பெரும்பாலானவர்கள் டேங்க் ஆபரேட்டருக்குத்தான் முதலில் அடிப்பார்கள். அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதில்தான் விஷயம் இருந்தது. 'அ' ஊராட்சியில் செல்போனில் 'பிரசிடென்ட்' என்று பதிந்திருந்த எண் தலைவருடைய கணவருடையது. ஒரு பாட்டி தன் பேரனை விட்டு எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணு நம்பரு யாருக்குத் தெரியும் பாப்பா" என்றார். 'இ' ஊராட்சியில் அதே பெயரில் இருந்தது தலைவியின் எண்ணேதான். 'ஊ'வில் தலைவர் ஆண். அங்கே பல பேர் போனில் அவர் எண் இல்லவே இல்லை, துணைத்தலைவரின் எண் இருந்தது.

'ஊ'தான் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலைக்குத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் மாணவியிடம் சொன்னது: "என் கையெழுத்து எப்பவும் ரெடிம்மா. இன்னொரு கையெழுத்துக்குத்தான் நான் அவரு வீட்டு வாசல்ல நிக்கணும்." அவர் மனைவிக்கு ஊராட்சி வேலையில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கணவர் ஆதிக்கம் என்ற சட்டகத்தோடு மட்டும் போயிருந்தால் இந்த ஊர் கண்ணிலேயே பட்டிருக்காது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட செய்தி வந்தபோது எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதித்தோம். அப்படி இருந்தும் டிசம்பர் முன்மொழிவில் சாதி என்ற சொல்லே இல்லை. கவனிக்காமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

வீட்டில் பேசாத தலைவர்களை வேறு இடத்தில் பார்க்க வேண்டும் என்பதும் இந்தச் சுற்றின் முடிவு. 'ஆ' ஊராட்சித் தலைவியை நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் காலையில் போய்ப் பார்த்தார். அந்த ஜனவரியிலிருந்துதான் எல்லாப் பணித்தளத்திலும் செயலி வழியாகப் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாகியிருந்தது. சிக்னல் கிடைக்காமல் பணித்தளப் பொறுப்பாளர் கரைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார், தலைவி கீழே நின்று ஒவ்வொருவராக வரிசைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் சுற்றில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத அதே பெண். மாணவி ஆச்சரியப்பட்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வீட்டுக்கு வந்தா அவரு பேசுவாரு. இங்க வந்தா நான் பேசுவேன்" என்றார். நேர்காணல் எங்கே நடக்கிறது என்பது முறையியல் இயலில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போகிற விஷயம் அல்ல என்று அன்று எனக்கும் உறைத்தது.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக்கு இரண்டு வகுப்புத் தோழிகளையும் கூட்டிக்கொண்டார். ஆளுக்கு ஒரு ஊர் போகும் முன், கல்லூரி மன்றக் கூட்டம் ஒன்றில் மூவரும் ஒத்திகை பார்த்தார்கள். யாரைப் பார்த்துக் கேள்வி வருகிறது, யார் பதில் சொல்கிறார் என்று கோடு போடும் ஒரு தாள், அவ்வளவுதான். ஒரே கூட்டத்தைப் பார்த்த மூன்று தாளும் மூன்று விதமாக இருந்தன. ஒருவர் காதில் சொல்லி இன்னொருவர் பதில் சொன்னால் கோடு யார் பெயரில்? வாய் திறந்தவர் பெயரில் கோடு, காதில் சொன்னவருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி என்று முடிவு செய்தார்கள். ஊரில் அந்தப் புள்ளிகள்தான் அதிகம் உதவின. கணவருக்கு விழும் என்று எதிர்பார்த்த புள்ளிகளில் பெரும்பகுதி ஊராட்சிச் செயலருக்கு விழுந்தது, அதுவும் ஆண் தலைவர், பெண் தலைவர் என்ற பேதமில்லாமல்.

ஆர்டிஐ மனு

இது சரியாக நடக்கவில்லை. பிப்ரவரியிலேயே தீர்மான நகல்களும் செலவுச் சீட்டு நகல்களும் கேட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டார். நானும் நல்லது என்றுதான் சொன்னேன். முப்பது நாளில் பதில் வரவில்லை. அதற்குள் மனு போட்ட சேதி மட்டும் ஊருக்குப் போய்விட்டது. 'உ' ஊராட்சியில் அடுத்த முறை போனபோது "ஆர்டிஐ போட்ட பொண்ணு நீதானா" என்றுதான் வரவேற்பு. அங்கே அதற்குப் பிறகு யாரும் மனம் விட்டுப் பேசவில்லை. வேறு இரண்டு ஊரில், தலைவரிடமும் செயலரிடமும் நேரில் கேட்டதும் தீர்மானப் புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மனுவே தேவைப்படவில்லை.

எழுதும் கட்டம்

எங்கள் துறையில் ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டாம் வரைவைப் படித்தபோது 'கணவர் கட்டுப்படுத்துகிறார்' என்று பொருள்படும் வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது, தலைவிகள் தாங்களே சொன்னதாக. ஒலிப்பதிவைப் போடச் சொன்னேன். எல்லா இடத்திலும் இருந்தது ஒரே சொல்: "அவரு பாத்துக்குவாரு."

குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் பார்த்துக்கொள்வதுதான், கடையைப் பார்த்துக்கொள்வதும் அதுதான். 'நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கிறேன்' என்றால் அலைச்சல் என் தலைமேல் என்று பொருள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் அந்த வேலை நடக்காது. இத்தனையும் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிட்டது, அதுவும் கருதுகோளுக்குச் சாதகமான சொல்லாக. மாணவி வேண்டுமென்று செய்யவில்லை. மனதில் இருந்த முடிவு மொழிபெயர்ப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒலிப்பதிவின் எழுத்துப்படியை மறுபடி தமிழிலேயே, பேசியது பேசியபடி எழுதினார். ஒவ்வொரு 'பாத்துக்குவாரு'வுக்கும் எதை என்று ஒரு குறிப்பு: ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்வருவதா, ஒப்பந்ததாரரின் பில்லா, எந்தத் தெருவுக்கு முதலில் பைப்லைன் என்பதா. 'ஆ'வில் கணவர் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் பைக்கை எடுத்துக்கொண்டு அலையும் வேலை, பைப்லைன் எந்தத் தெருவுக்கு என்பது தலைவி கையில் இருந்தது. 'அ'வில் எல்லாமே கணவர். ஒரே சொல்லைச் சொன்ன இரண்டு பெண்கள், இரண்டு வேறு நிலைமைகள். இந்த இயலுக்கு மூன்று வாரம் போனது. வேறு எந்த இயலுக்கும் இவ்வளவு நேரம் கொடுக்க முடியவில்லை, இலக்கிய மீளாய்வு கடைசிவரை மெலிந்தே இருந்தது.

முடிவுரையில், கணவர் கையில் முடிவு இருக்கும் ஊர், கணவர் அலைய தலைவி முடிவெடுக்கும் ஊர், தலைவர் ஆணோ பெண்ணோ, செயலரோ துணைத்தலைவரோ கைக்குள் வைத்திருக்கும் ஊர் என்று மூன்று நிலைகளைக் காட்டினார். தமிழ்நாடு முழுவதற்கும் இதைப் பொருத்தவில்லை.

விளைவு

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஊராட்சி இருக்கிறது. ஆறை வைத்து என்ன சொல்ல முடியும்?" மாணவி, எத்தனை ஊரில் இப்படி என்று சொல்ல முடியாது, ஆனால் கணவர் மட்டும்தான் காரணம் என்பது தவறு என்று காட்ட ஒரு 'ஊ' போதும் என்றார். தேர்வாளர் அதை ஏற்றார். வார்டு உறுப்பினர்களை ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, நேரம் இல்லை என்பதைத் தவிர. நியாயமான குறைதான். முதல் வகுப்பு கிடைத்தது, துறையில் முதலிடம் இல்லை. வினாநிரலை அச்சடித்தபடி நிரப்பிவந்து சதவீத அட்டவணை போட்ட ஆய்வேடு ஒன்று அதைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கியது.

மாற்றிச் செய்வதென்றால்

முன்மொழிவில் கையெழுத்துப் போடும் முன் 'எந்தத் தரவு வந்தால் நீ சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வாய்' என்று எழுதி வாங்குகிறேன். இப்போது எல்லா மாணவர்களிடமும் இதைக் கேட்கிறேன், பாதிப் பேர் இந்த இடத்திலேயே தலைப்பை மாற்றுகிறார்கள். முறையியல் தாளில் மூன்று வாரத்தை ஒலிப்பதிவு, எழுத்துப்படி, குறியிடல் (பேசியதை வகைபிரித்துக் குறிப்பது) ஆகியவற்றுக்கு ஒதுக்கச் சொல்லித் துறையில் கேட்டிருக்கிறேன். ஒரு வாரம் கிடைத்திருக்கிறது. ஆர்டிஐ மனுவை, நேரில் கேட்டு இல்லை என்ற பிறகு, களப்பணி முடியும் தறுவாயில்தான் போட வேண்டும்.

பெயர் மறைப்பில் ஒரு தவறு விட்டோம். ஊர்ப் பெயரை எடுத்தோம், கோயிலை எடுத்தோம், 'ஒன்றியத்திலேயே பட்டம் படித்த ஒரே தலைவர்' போன்ற வரிகளை எடுத்தோம். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்ததால், பேட்டி கொடுத்தவர்களுக்காக மாணவி தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். 'ஆ' ஊராட்சித் தலைவி வாசலில் நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, "இது நான்தானே பாப்பா?" என்றார். ஏரிக்கரையில் அவர் சொன்ன அந்த இரண்டு வரியை அப்படியே போட்டிருந்தோம். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கணவர் உள்ளேயிருந்து என்ன என்று கேட்டதற்கு, "காலேஜ் பேப்பரு" என்றார்.